பூங்குழலிக்காக இரண்டு கமிஷன்கள்

‘பொன்னியின் செல்வன்’ நாவலில் கோடிக்கரையில் படகோட்டும் பெண்ணான பூங்குழலிமீது எனக்குச் சிறு வயதிலிருந்தே தனிப்பட்ட பற்று உண்டு. சென்ற ஆண்டு அவளை வைத்து ஓர் ஓவியத்தை வரையவும் ஒரு சிறுகதையை எழுதவும் பணம் கொடுத்து ஏற்பாடு செய்தேன். இப்படி வேண்டியதைச் சொல்லிப் படைப்பை வாங்குவதைத்தான் ‘கமிஷன்’ என்கிறார்கள். கல்கி 1954இல் மறைந்தவர் என்பதால், இந்தியச் சட்டப்படி 60 ஆண்டுகள் கழிந்து அவருடைய எழுத்தின் பதிப்புரிமை முடிந்துவிட்டது. ஆகவே கட்டணம் கொடுப்பதில் எனக்குச் சங்கடம் எதுவும் இருக்கவில்லை.

ஓவியம் எளிதாக முடிந்தது. நாவல் தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களையும், கோடிக்கரைக் கடலோரப் புகைப்படங்கள் சிலவற்றையும் அனுப்பி, 1,800 ரூபாயில் பாதியை முன்பணமாகச் செலுத்தினேன். நான்காம் நாள் பென்சில் கோட்டுப்படம் வந்தது. அதில் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் கண்ணாடிக் கூண்டு இருந்தது. சோழர் காலத்தில் அங்கே விறகுத் தீ அல்லவா எரியும் என்று எழுதினேன். அன்று மாலையே கூண்டு போய்த் தீ வந்துவிட்டது.

கதையில் இப்படிப்பட்ட இடைநிலை எதுவும் இல்லை என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். சொல்லுக்கு ஒரு ரூபாய் வீதம் 2,500 சொற்கள் என்று பேசி, வந்தியத்தேவனை இலங்கைக் கரையில் இறக்கிவிட்டபின் பூங்குழலி தனியே துடுப்பு வலிக்கும் நேரத்தை எழுதுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து முழுக் கதையும் வந்தது. அதில் அவள், தான் மனத்துக்குள் விரும்பும் இளவரசர் அருள்மொழிவர்மரை நினைத்துப் பக்கம் பக்கமாக அழுதாள். என் மனத்திலிருக்கும் பூங்குழலி அப்படி அழுகிறவள் அல்லள். ஆனால் அதைக் கூண்டைப்போல் அழித்துவிட முடியாது. அழுகையை எடுத்தால் அதற்குப் பின்வரும் உரையாடல், முடிவு, கதையின் தொனி எல்லாமே சரிந்துவிடும். எழுதியவரும் தம் பக்கத்து நியாயத்தைப் பொறுமையாக விளக்கினார். தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, மறுபடி எழுதுவதற்குத் தனியாக 1,000 ரூபாய் கொடுத்தேன். இம்முறை முதலில் கதைச் சுருக்கத்தையும், பிறகு தொடக்கப் பத்திகளையும் வாங்கிப் படித்தபின்பே மேலே போகச் சொன்னேன். கோட்டுப்படத்துக்கு ஈடாக எழுத்தில் இதைத்தான் கேட்க முடியும் என்று நினைக்கிறேன்.

எழுத்துக்குப் பணமா என்று நண்பர்கள் சிலர் வியந்தார்கள். ஓவியத்தைப் பற்றி எவரும் அப்படிக் கேட்கவில்லை. பிடித்த கதைமாந்தர்களை வைத்து ரசிகர்கள் எழுதும் ரசிகர் புனைவு நெடுங்காலமாக அன்பளிப்பாகவே பகிரப்பட்டு வந்திருக்கிறது. அத்தகைய கதைகளைத் தொகுத்து வைக்கும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ இணையதளம் இன்றும் தன் பக்கங்களில் கமிஷனுக்கு விளம்பரம் செய்ய அனுமதிப்பதில்லை. ஆனால் மூன்று வார உழைப்பை நேரில் கண்ட எனக்கு, சொல்லுக்கு ஒரு ரூபாய் என்பது குறைவாகவே தோன்றியது.

திருத்திய கதையில் அவள் அழவில்லை. படகில் ஊறிய நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு வெளியே இறைக்கிறாள். நீர் வற்றிய பிறகும் கை நிற்கவில்லை. இதை நான் கேட்டிருக்கவே மாட்டேன், கேட்கத் தெரிந்திருக்கவும் மாட்டேன். அந்தப் பத்தியை அதே ஓவியருக்கு அனுப்பியிருக்கிறேன். கோட்டுப்படம் நேற்று வந்தது.