தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

அணுக்கழிவைப் புதைக்கப்போகும் ஊரில் கூட்டம் போட்டால் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான் வரும். "பயப்படாதீங்க" என்று அதைத் தட்டிக்கழிப்பது பெரிய தவறு. ஊர்மக்கள் கேட்பதுதான் இதில் தலையாய பொறியியல் கேள்வி. புதைத்த கழிவைத் தண்ணீர்தான் மேலே சுமந்து வரும்.

ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 அணுக்கழிவுப் பீப்பாய்களை இறக்கினார்கள். உப்புப் பாறைக்குள் நீர் ஓடாது என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் உப்பு வெட்டிய அறைகள் பல காலம் வெற்றாகக் கிடந்ததில் பாறை அழுத்தம் தாங்காமல் நெளிந்து விரிசல் விட்டது. 1988 முதல் நாளொன்றுக்குச் சுமார் 12,000 லிட்டர் உப்புநீர் உள்ளே வருகிறது. எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுக்க 2013இல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

எல்லாக் கழிவும் ஒன்றல்ல. கழிவிலுள்ள கதிரியக்கப் பொருளான சீசியம்-137இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டு. 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதுவரை கான்கிரீட் அறையில் வைத்துக் காவல் காக்கலாம். புளூட்டோனியம்-239க்கோ அரை ஆயுளே 24,000 ஆண்டு. அதை ஆழத்தில்தான் வைக்க வேண்டும்.

அணுக்கழிவைப் புதைக்க ஃபின்லாந்தில் வெட்டிய ஒன்கலோ சுரங்கத்தில் 400 மீட்டருக்கும் கீழே, பாறையில் 8 மீட்டர் ஆழக் குழி. அதில் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள செம்பு உருளை. உள்ளே வார்ப்பிரும்பு, அதற்குள் எரிந்து தீர்ந்த எரிபொருள். உருளையைச் சுற்றி பென்டோனைட் களிமண். நீர் பட்டால் இந்தக் களிமண் உப்பி இடைவெளியை அடைக்கும். ஆனால் உப்பி முடிப்பதற்குள் நீர் ஓடத் தொடங்கினால் களிமண்ணையே அரித்து வாய்க்கால் போட்டுவிடும். அதனால்தான் குழிக்குள் நிமிடத்துக்கு 0.1 லிட்டருக்கு மேல் கசிந்தால் அந்தக் குழியை ஒதுக்க வேண்டும் என்பது விதி. இரண்டு நிமிடத்தில் ஒரு தம்ளர் நிறைகிற கசிவுதான். அதற்கே அவ்வளவு கண்டிப்பு.

ஜெர்மனியிலேயே இன்னொரு இடம், கோர்லெபென். அங்குள்ள உப்புப் பாறையில் கழிவைப் புதைக்கப்போவதாக 1977இல் அறிவித்தார்கள். உப்புக்கு மேலுள்ள மண்ணடுக்கு முழுசாக இல்லை, நிலத்தடி நீர் உப்பைத் தொடுகிறது என்று எதிர்ப்பாளர்கள் ஆண்டாண்டாகச் சொன்னார்கள். 2020இல் நிலவியல் ஆய்வே அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கியது. மேலடுக்கின் குறையும் காரணங்களில் ஒன்று. அந்த எதிர்ப்பாளர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சொன்னது அநியாயம்.

ஆகவே உங்கள் ஊருக்கு இப்படியொரு திட்டம் வந்தால், ஆய்வுத் துளைகளின் கசிவுப் பதிவேட்டைக் கேளுங்கள். அதைப் படித்துச் சொல்ல நீங்களே தேர்ந்தெடுக்கும் நிலவியலாளருக்குத் திட்டக்காரர்தான் கூலி தர வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை எந்தக் கட்டம் வரை இருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்வீடனின் ஓஸ்ட்ஹம்மர் நகராட்சி, பாறை ஆய்வெல்லாம் முடிந்த பிறகு 2020இல்தான் தன் ஊரில் கழிவு புதைக்க வாக்கெடுத்துச் சம்மதித்தது. மறுக்கும் உரிமை அன்றுவரை அவர்கள் கையில் இருந்தது.