லுன்ஃபார்தோ: புவெனஸ் ஐரிஸின் தெருமொழியைப் புரிந்துகொள்வது

ஸ்பானிய மொழியைப் பாடநூல் வழியே கற்று, செய்தித்தாளைத் தடையின்றிப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்ட ஒருவர்கூட, அர்ஜென்டின நண்பர்கள் இருவர் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது பாதிக்கு மேல் பிடிபடாமல் திகைத்துப்போவார். இதற்கு மருந்தாக இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் 'அவசியம் தெரிந்திருக்க வேண்டிய நூறு ஸ்பானியக் கொச்சைச் சொற்கள்' என்ற வகைப் பட்டியல்களே. மெக்சிகோவின் சொல்லும் சிலியின் சொல்லும் மாட்ரிட்டின் சொல்லும் அவற்றில் ஊர்ப்பெயர்கூட இல்லாமல் ஒரே வரிசையில் நிற்கும். இத்தகைய பட்டியல்களை மனப்பாடம் செய்வதால் பயன் இல்லை என்பது மட்டுமல்ல, சில இடங்களில் கேடும் உண்டு என்பது என் உறுதியான கருத்து. ஸ்பெயினில் பேருந்தைப் 'பிடிப்பதற்கு' எல்லோரும் இயல்பாகச் சொல்லும் 'கோஹேர்' என்ற வினை, அர்ஜென்டினாவிலும் மெக்சிகோவிலும் உடலுறவைக் குறிக்கும் பச்சையான சொல். 'குவாகுவா' என்பது கியூபாவிலும் கேனரித் தீவுகளிலும் பேருந்து. சிலியிலோ அது கைக்குழந்தை.

எனவே ஸ்பானியக் கொச்சை வழக்கு என்று பொதுவாக ஒன்றைக் கற்க முயல்வதை விட்டுவிட்டு, ஏதேனும் ஓர் ஊரைத் தேர்ந்துகொண்டு, அந்த ஊரின் வரலாற்றோடு சேர்த்து அதன் சொற்களைக் கற்பதே சரியான வழி. நான் தேர்ந்துகொண்டது அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸ். அங்கு வழங்கும் லுன்ஃபார்தோவைப் போல, ஒரு நகரத்தின் கதை முழுவதையும் சொற்களுக்குள் பொதிந்து வைத்திருக்கும் தெருமொழி ஸ்பானிய உலகில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் அர்ஜென்டினாவுக்கு வந்து இறங்கினார்கள். 1914ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அந்நாட்டில் வாழ்ந்தோரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தலைநகரில் இந்த விகிதம் கிட்டத்தட்டப் பாதி. வந்தவர்களில் இத்தாலியர்களே மிகுதி. 'கொன்வென்தீஷோ' என்று அழைக்கப்பட்ட நெருக்கமான குடியிருப்புகளில், ஒரே முற்றத்தைச் சுற்றியிருந்த அறைகளில், ஜெனோவாக்காரரும் நேப்பிள்ஸ்காரரும் ஸ்பெயினின் கலீசியரும் உள்ளூர் ஏழைகளும் குடும்பம் குடும்பமாக அடைந்து வாழ்ந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய லா போக்கா பகுதியில் ஜெனோவாவிலிருந்து வந்தவர்கள் அந்த அளவுக்கு நிறைந்திருந்ததால்தான், போக்கா ஜூனியர்ஸ் கால்பந்துக் கழகத்தாரை இன்றும் 'செனெய்செ', அதாவது ஜெனோவாக்காரர்கள், என்று அழைக்கிறார்கள்.

அந்த முற்றங்களில் பிறந்த சொற்களை முதலில் பதிவு செய்தவர்கள் மொழியியலாளர்கள் அல்லர். காவல்துறையில் எழுத்தராக இருந்த பெனிக்னோ லுகோனெஸ் 1879இல் 'லா நாசியோன்' நாளிதழில் திருடர்களின் வழக்குச் சொற்களைப் பற்றி எழுதினார். 1894இல் வழக்கறிஞர் அந்தோனியோ தெல்லெபியானே 'குற்றத்தின் மொழி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே வெளியிட்டார். லுன்ஃபார்தோ என்ற பெயருக்கே தொடக்கத்தில் திருடன் என்றுதான் பொருள். இத்தாலியின் லொம்பார்தி பகுதியினரைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். குற்றவாளிகளைப் பற்றி எழுதப் போனவர்கள் குறித்துவைத்ததால் இது குற்றவாளிகளின் இரகசிய மொழி என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. உண்மையில் அந்தச் சொற்களில் பெரும்பகுதி சுமை தூக்கியவர்களும் துணி வெளுத்தவர்களும் தெருப்பிள்ளைகளும் அன்றாடம் பேசியவைதான்.

இதைத் தனி மொழி என்று எண்ணுவதும் தவறு. 'லபுரோ தோதோ எல் தியா இ நோ தெங்கோ உன் மங்கோ' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுதும் உழைக்கிறேன், கையில் சல்லிக்காசு இல்லை என்பது பொருள். இதில் இலக்கணம் முழுக்க முழுக்க ஸ்பானியம். 'லபுரார்' என்ற வினை இத்தாலிய மொழியில் உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருந்தாலும், அது ஸ்பானிய வினைகளைப் போலவே திரிகிறது. 'மங்கோ' என்பது ஒரு பெசோ நாணயம். சொற்களைத்தான் மாற்றியிருக்கிறார்கள், வாக்கியத்தின் எலும்புக்கூட்டைத் தொடவில்லை. இதைப் புரிந்துகொண்டவுடன் கற்பவரின் அச்சத்தில் பாதி போய்விடும்.

சொற்கள் எல்லாம் இத்தாலியிலிருந்து வந்தவையும் அல்ல. சாப்பிடுவதைக் குறிக்கும் 'மோர்ஃபார்' பிரெஞ்சுக் கொச்சை வழக்கிலிருந்து வந்தது. ஆசை வார்த்தை பேசி மயக்குவதைக் குறிக்கும் 'சமுஷார்', ஸ்பெயின் நாட்டு ஜிப்சிகளின் வழக்கில் வெறுமனே பேசுவதைக் குறித்த சொல். பேருந்தைக் குறிக்கும் 'போந்தி', பிரேசிலில் டிராம் வண்டிக்கு வழங்கிய 'போந்தே'யிலிருந்து வந்து, புவெனஸ் ஐரிஸிலும் முதலில் டிராமையே குறித்து, டிராம்கள் மறைந்தபின் பேருந்தின் மேல் ஏறிக்கொண்டது.

இவற்றுள் என்னை மிகவும் நிறுத்தி வைத்த சொல் 'கிலோம்போ'. அங்கோலாவின் கிம்புந்து மொழியிலிருந்து அடிமைகளோடு கடல் கடந்து வந்த சொல் இது. பிரேசிலில் தப்பியோடிய அடிமைகள் காடுகளுக்குள் தமக்கென அமைத்துக்கொண்ட குடியிருப்புகளுக்குக் கிலோம்போ என்று பெயர். 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி போர்த்துகீசியருக்கும் டச்சுக்காரர்களுக்கும் ஈடுகொடுத்து நின்ற பல்மாரெஸ் அவற்றுள் புகழ்பெற்றது. அதே சொல் தெற்கே வந்தபோது விபச்சார விடுதியைக் குறித்தது. பின்னர் அங்கிருந்து கூச்சல், குழப்பம், தலைவலி என்று விரிந்தது. இன்று போக்குவரத்து நெரிசலைப் பற்றியும் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றியும் 'கே கிலோம்போ!' என்று அலுத்துக்கொள்ளாத அர்ஜென்டினரைக் காண்பது அரிது. விடுதலையின் இருப்பிடம் ஒன்றின் பெயர் இழிவின் பெயராகவும், பிறகு குழப்பத்தின் பெயராகவும் ஆனதற்குப் பின்னால், கறுப்பின மக்களைப் பற்றி அச்சமூகம் கொண்டிருந்த பார்வை இருக்கிறது. அகராதி தரும் 'குழப்பம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவை எதுவும் வருவதில்லை.

பணத்தைக் குறிக்கும் சொற்களுக்கு வேறொரு சிறப்பு உண்டு. 'காம்பா' நூறு, 'லூக்கா' ஆயிரம், 'பாலோ' பத்து லட்சம். அர்ஜென்டினா 1970, 1983, 1985, 1992 ஆகிய ஆண்டுகளில் தன் நாணயத்தை மாற்றி, மொத்தம் 13 பூஜ்யங்களை வெட்டி எறிந்தது. நாணயத்தின் பெயரே ஒருமுறை 'ஆஸ்திரால்' என்று மாறிப் பிறகு பெசோவுக்குத் திரும்பியது. ஆனால் லூக்கா மட்டும் ஆயிரமாகவே இருக்கிறது. ஆகவே ஒரு பழைய பாடலிலோ கதையிலோ ஒருவர் சில லூக்கா கடன் கேட்டால், அது எந்த ஆண்டு என்று தெரியாமல் அவர் ஒரு வீட்டின் விலையைக் கேட்கிறாரா, ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையைக் கேட்கிறாரா என்று சொல்ல முடியாது.

அசைகளைத் தலைகீழாக்கும் 'வெஸ்ரே' என்ற உத்தியைப் பலரும் வெறும் விளையாட்டாகக் கருதுகிறார்கள். திருப்பம் என்று பொருள்படும் 'ரெவெஸ்' என்பதைத் திருப்பிப் போட்டதுதான் இந்தப் பெயரே. டாங்கோ இசையைக் குறிக்கும் 'தான்கோ' என்பது 'கோதான்' ஆகும். 'கஃபே' 'ஃபெகா' ஆகும். ஆனால் திருப்பப்பட்ட சொல்லுக்குப் பொருளும் நகர்ந்துவிடுவது உண்டு என்பதுதான் கவனிக்க வேண்டியது. 'ஓதெல்' என்பதைத் திருப்பிய 'தேலோ' எல்லா ஹோட்டலையும் குறிக்காது. காதலர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் விடுதியை மட்டுமே குறிக்கும். தெருவைக் குறிக்கும் 'காஷெ'யைத் திருப்பினால் வரும் 'ஷெகா', தெருவில் அடிபட்டுப் பெற்ற அனுபவத்தையும் குறிக்கும். இங்கே எழுத்துகளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்பவர்களைவிடக் காதால் கேட்டுக் கண்டுபிடிப்பவர்களுக்கே வேலை எளிது. 'ல்ய', 'ய' ஒலிகளை அந்நகரத்தார் 'ஷ' என்று உச்சரிப்பது பழகிவிட்டால் பல புதிர்கள் தாமாகவே அவிழும்.

பொருள் தெரிந்த பின்னும் யார் யாரிடம் சொல்லலாம் என்ற கேள்வி மிஞ்சி நிற்கும். 'பொலூதோ' என்ற சொல்லை நெருங்கிய நண்பர்கள் வாக்கியத்துக்கு ஒருமுறை 'டேய்' போலச் சொல்லிக்கொள்வார்கள். அதையே சாலையில் முன்பின் தெரியாத ஓட்டுநரைப் பார்த்துச் சொன்னால் அது 'முட்டாளே' என்ற வசை. கவிஞர் ஹுவான் ஹெல்மன், 2013இல் அர்ஜென்டினாவைக் குறிக்க ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்கப்பட்டபோது இதையே தேர்ந்தெடுத்தார். வெளியூர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். சொல்வதற்கு மட்டும் அந்த நட்பு முற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

இச்சொற்களுக்கு மதிப்புத் தேடித் தந்ததில் டாங்கோவின் பங்கு பெரிது. பாஸ்குவால் கொந்தூர்சி எழுதிய வரிகளைக் கார்லோஸ் கார்தெல் 1917இல் பாடிய பின்னர், லுன்ஃபார்தோ கலந்த சோகப் பாடல்கள் எல்லா வகுப்பினரின் வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. 1943இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, மொழித்தூய்மையின் பெயரால் வானொலியில் அவற்றுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. பாடல் வரிகளை மாற்றி எழுதிப் பாட வேண்டியிருந்தது. 1949இல் டாங்கோ படைப்பாளிகள் குழுவாகச் சென்று அதிபர் பெரோனிடம் முறையிட்டார்கள். 1962இல் ஹோசே கோபெஷோ உள்ளிட்டோர் லுன்ஃபார்தோவுக்கென்றே ஒரு கல்விக்கழகத்தைத் தொடங்கினார்கள். மக்களே மொழியை விரிவாக்குகிறார்கள் என்பதுதான் அதன் முழக்கம். ஒரு தெருமொழிக்கு இப்படியொரு கழகம் இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

கற்கத் தொடங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: டாங்கோப் பாடல்களில் வரும் எல்லாச் சொற்களும் இன்று வழக்கில் இல்லை. பெண்ணைக் குறிக்கும் 'பெர்கந்தா' பாடல்களோடு நின்றுவிட்டது. லபுரோ (வேலை), கித்தா (பணம்), பீபே (சிறுவன்), போந்தி, கிலோம்போ ஆகியவை உயிரோடு உள்ளன. அவற்றோடு ஆண்டீஸ் மலையைத் தாண்டிச் சிலியின் சந்தியாகோவில் இறங்கினால் போந்தி 'மீக்ரோ' ஆகியிருக்கும், லபுரோ 'பேகா' ஆகியிருக்கும், பீபே 'காப்ரோ' ஆகியிருப்பான். லூக்கா மட்டும் அங்கேயும் ஆயிரம் பெசோதான்.