நீச்சல் குளத்தில் பழகிய கை

செர்பிய டென்னிஸ் வீராங்கனை அனா இவானோவிச்சின் சிறுவயதை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. பெல்கிரேடில் ஐந்து வயதுச் சிறுமி, தொலைக்காட்சியில் டென்னிஸ் வீராங்கனை மோனிகா செலசின் ஆட்டத்தில் சொக்கிப்போனாள். விளம்பரத்தில் வந்த பயிற்சிப் பள்ளியின் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு பெற்றோரை நச்சரித்தாள்.

1999-இல் அவர் நாட்டின் மீது நேட்டோ ராணுவக் கூட்டணியின் குண்டுவீச்சு 78 நாள் நீடித்தது. அப்போதும் விடியற்காலையில் பயிற்சி நடந்தது. குளிர்காலத்தில் ஆடியதோ தண்ணீர் வடித்த நீச்சல் குளத்தில்! தரையில் கம்பளம், ஆடுகளத்தின் ஓரக் கோட்டை ஒட்டியே பக்கச் சுவர். குறுக்காகப் பந்தடிக்க வழியே இல்லை, நேராகத்தான் அடித்தாக வேண்டும். அவருடைய நேர்கோட்டு அடிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சுவர்தான் என் கண்முன் வந்து நிற்கிறது.

2008 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் தினாரா சஃபினாவை 6-4, 6-3 என வென்றபோது அவருக்கு வயது 20. இரண்டே நாளில் உலகத் தரவரிசையின் முதலிடமும் வந்து சேர்ந்தது.