குடியுரிமை நேர்காணலும் நூறு கேள்விகளும்

கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடம் முடியும் நேரத்தில் அமெரிக்கக் குடியுரிமை கேட்டு என்-400 என்ற விண்ணப்பத்தைப் போட்டேன். கைரேகை எடுத்தார்கள், அப்புறம் நேர்காணலுக்குத் தேதி வந்தது. அதற்குப் படிக்க வேண்டியவை அமெரிக்க அரசு, வரலாறு பற்றிய நூறு கேள்விகள். அதிகபட்சம் பத்து கேட்பார்கள்; ஆறு சரியாகச் சொன்னால் போதும். இது பழைய கணக்கு. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள். இருபது வரை கேட்பார்கள், பன்னிரண்டுக்குச் சரியான பதில் வேண்டும்.

உருப்போடுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. சிக்கல் வேறு. நம் ஊர் அரசியலைக் கேட்டே வளர்ந்த மண்டையில் சில பதில்கள் ஒட்ட மறுக்கின்றன. மந்திரி என்றால் எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க வேண்டும் என்பது நம் பழக்கம். இங்கே நேர்மாறு. காங்கிரஸில் இருந்துகொண்டே (கட்சி இல்லை, நாடாளுமன்றத்தைச் சொல்கிறேன்) அமைச்சராக இருக்க முடியாது, அரசியலமைப்பே தடுக்கிறது. மார்கோ ரூபியோ 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சரானபோது செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் வந்தார்.

அதிபரால் காங்கிரஸைக் கலைக்க முடியாது. காங்கிரஸாலும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அதிபரை இறக்க முடியாது. பதவி நீக்கம் என்றால் கீழவை குற்றம் சாட்ட வேண்டும், பிறகு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழ வேண்டும். இதுவரை எந்த அதிபரும் அப்படிப் பதவி இழந்ததில்லை. ஆட்சி எப்போது கவிழும் என்று டீக்கடையில் கணக்குப் போடுவதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது சப்பென்றுதான் இருந்தது. ஆளுநரும் டெல்லி அனுப்பிவைப்பவர் போல அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வர் செய்கிற வேலையைச் செய்பவர். நம் 356ஆவது பிரிவு மாதிரி மாநில அரசைக் கலைக்கும் வழியும் வாஷிங்டனுக்குக் கிடையாது.

அரசின் மூன்று கிளைகளில் (காங்கிரஸ், அதிபர், நீதிமன்றம்) ஒன்று மற்றவற்றைவிட அதிகப் பலம் பெறாமல் தடுப்பது எது என்று ஒரு கேள்வி உண்டு. ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் ஏற்பாடு (checks and balances) என்பது பதில். அதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மசோதாவை அதிபர் நிராகரிக்கும் வீட்டோ, நீதிபதி நியமனத்துக்கு செனட்டின் ஒப்புதல் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன.

திருத்தங்கள் எத்தனை என்ற கேள்விக்குப் பதில் 27. நம் அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்து நூறு திருத்தங்களைத் தாண்டிவிட்டது. இவர்களுடையது 1787இல் எழுதியது. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அப்புறம் ஐம்பது மாநிலங்களில் முப்பத்தெட்டின் சம்மதம் என்றால் லேசில் நடக்குமா? கடைசித் திருத்தத்தின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் எனக்கு இந்தப் பாடத்தில் ருசி தட்டியது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால், அடுத்த கீழவைத் தேர்தல் முடிந்த பிறகே அது அமலுக்கு வரும் என்பது அந்தத் திருத்தம். 1789இல் முன்மொழிந்து, போதிய மாநிலங்கள் சேராமல் கிடப்பில் கிடந்தது. 1982இல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்த கிரெகரி வாட்சன் என்ற மாணவர், இது இன்னும் செத்துப்போகவில்லை என்று கட்டுரை எழுதினார். கிடைத்தது 'சி' கிரேடு. மனிதர் விடவில்லை. மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதித் தள்ளினார். 1992இல் திருத்தம் நிறைவேறியது. 2017இல் பல்கலைக்கழகம் அந்த கிரேடை 'ஏ' என்று திருத்தியது!

உங்கள் கீழவை உறுப்பினர் யார் என்ற கேள்விக்கு மட்டும் யூடியூப் வீடியோவை நம்பாதீர்கள். கீழவையின் இணையதளத்தில் ஜிப் கோடு (நம் பின்கோடு மாதிரி) போட்டால் சில இடங்களுக்கு இரண்டு பெயர்கள்கூட வரும், ஒரே ஜிப் கோடு இரண்டு தொகுதிகளில் விழுந்திருப்பதால். முழு முகவரியையும் கொடுத்துப் பாருங்கள். பரீட்சைக்கு முந்தைய நாள் இன்னொரு முறையும் பாருங்கள், ஆள் மாறியிருக்கலாம்.

நேர்காணலில் இந்தக் கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. மிசிசிப்பி, மார்ட்டின் லூதர் கிங், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கை என்று போனது. தொடர்ந்து ஆறும் சரியானதும் அதிகாரி நிறுத்திக்கொண்டார். டேப்லெட்டில் ஒரு வாக்கியம் படிக்க, ஒன்று எழுத, அவ்வளவுதான். அதிக நேரம் பிடித்தது விண்ணப்பத்தை வரிவரியாகச் சரிபார்த்ததற்குத்தான்: வெளிநாட்டுப் பயணங்கள், வருமான வரி, கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா என்பது வரை. தெருமுனையில் செங்கொடி பறந்த ஊரில் பிறந்தவனுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உறுதிமொழி நாளில் கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு சான்றிதழைத் தருகிறார்கள். அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். நம் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தருவதில்லை. அமெரிக்க பாஸ்போர்ட் வந்ததும் பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐக்கு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) போடலாம். ஊரில் விவசாய நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால் முன்பே யோசியுங்கள். ஓசிஐ வைத்திருப்பவர் அதை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வருவதற்குத் தடையில்லை.