சாமநத்தம் கண்மாயில் தண்ணீர் இறங்கும் நாட்கள்

மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள சாமநத்தம் கண்மாயில் பறவை பார்க்க எந்த மாதம் ஏற்றது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள் என்றே சொல்லிவருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்துவிட்டால், கூழைக்கடாக்களுக்கும் நீர்க்காகங்களுக்கும் முக்குளிப்பான்களுக்கும் கொண்டாட்டம். வலசை வரும் சிறு வாத்துகளான நீலச்சிறகு கிளுவைகளும் நடுத்தண்ணீரில் கூட்டமாக மிதக்கும். சேற்றில் நடந்து இரை தேடும் சிறு பறவைகளான உள்ளான்களுக்கோ அந்த ஆழம் உதவாது. புரட்டாசியிலேயே நம் பக்கம் வந்துவிடும் அவை, நாற்று நட்ட வயல்களில் இரை தேடிக்கொண்டிருந்துவிட்டு, கரையோரச் சேறு வெளிப்பட்ட பிறகே கண்மாய்க்குள் இறங்குகின்றன.

நத்தைகுத்தி நாரைகளும் அப்படித்தான். சென்ற தை மாதத்தில் ஒரு காலை, மடைக்கு அருகே முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற ஒன்றை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவி, நத்தை கிடைத்ததும் தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து இரண்டு மூன்று முறை அசைத்து, சதையை மட்டும் எடுத்து விழுங்கியது. அது நகர்ந்த பிறகு அங்கே கிடந்த ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். பெரும்பாலானவை உடையாமல் முழுதாக இருந்தன. கீழலகின் நுனியை ஓட்டு மூடிக்குள் செலுத்தி, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்துவிடுவதால் ஓட்டை உடைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் அதற்கு நேர்வதில்லை. வாயை மூடியிருக்கும்போதும் இரு அலகுகளுக்கும் இடையே தெரியும் இடைவெளி இளம்பறவைகளிடம் இருப்பதில்லை. வளர வளரத்தான் உண்டாகிறது.

உள்ளான்களை இனம் பிரிப்பதில் நான் ஒரு பருவம் முழுவதும் தவறு செய்திருக்கிறேன். பொரி உள்ளானைப் பச்சை உள்ளான் என்று எழுதிவைத்திருந்தேன். பொரி உள்ளானுக்கு வெண்புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும், கால்களில் மஞ்சள் கலந்திருக்கும். பறக்கும்போது சிறகின் அடிப்புறம் வெளிறித் தெரியும். பச்சை உள்ளானுக்கு அந்த அடிப்புறம் ஏறக்குறையக் கறுப்பு. இதைப் புரிந்துகொண்ட பின், ஐயத்துக்கு இடமிருந்த பதிவுகளையெல்லாம் திருத்தினேன், சிலவற்றை நீக்கவும் செய்தேன். பதிவு தவறாக இருப்பதைவிட இல்லாமலிருப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

2015 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் புதிதாகச் சேருவோரிடம் நான் வேண்டிக்கேட்பது ஒன்றுதான்: ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த எல்லாவற்றையும் எழுதுங்கள். சூறைக்குருவிக் கூட்டத்தைக் கண்ட மகிழ்ச்சியில் பக்கத்து மின்கம்பியில் இருந்த மைனாவையும் காகத்தையும் விட்டுவிட வேண்டாம். கண்மாயின் நீர்மட்டத்தையும் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால், ஓர் ஆண்டு ஐந்நூறு கிளுவைகளும் மறு ஆண்டு வெறும் இருபதும் வந்ததற்கான காரணத்தை அந்த வரியிலேயே தேடத் தொடங்கலாம்.

வரும் பொங்கலன்று காலை ஆறரை மணிக்கு அதே மடையருகே நிற்பேன். வருகிறவர்கள் மங்கலான நிறத்தில் உடுத்தி, கரைமேல் தலை தெரியாமல் மெல்ல நடந்து வாருங்கள். கிளுவைகள் ஒருமுறை எழும்பிவிட்டால் அன்றைக்கு எண்ணிக்கை தேறாது.