தீபாவளிக் காலையிலும் பசிக்கும் உயிரணுக்கள்

முனைவர் பட்டம் முடித்து, குருத்தணு (ஸ்டெம் செல்) ஆய்வுக்காகச் சிங்கப்பூருக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த நிறுவனம் அண்ணா நல்லது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "அங்கே ஞாயிற்றுக்கிழமை யார் மீடியம் மாற்றுகிறார்கள்?" மீடியம் என்பது தட்டில் வளரும் உயிரணுக்களுக்கு உணவாகும் திரவம்.

கட்டடத்தைப் பார்த்து மயங்கியவன் நானும்தான். புவன விஸ்தா பக்கம் 2003இல் திறந்த உயிர்மருத்துவ ஆய்வு வளாகமான பயோபொலிஸ், கென்ட் ரிட்ஜில் உயிரணுக்கள் விசையை உணரும் விதத்தை ஆராயும் மெக்கானோபயாலஜி கழகம், ஊட்ரமில் பொது மருத்துவமனையை ஒட்டிய டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரி என எங்கு போனாலும் கருவிகளுக்குக் குறைவில்லை. நோயாளிகளின் திசு தேவைப்படும் ஆய்வென்றால் ஊட்ரம் வசதி. மற்றபடி, முடிவு செய்ய வேண்டியது ஆய்வுக்கூடத் தலைவரை வைத்துத்தான்.

என் முதல் நேர்காணலில், "ஏன் சிங்கப்பூர்?" என்றார்கள். "உலகத்தரமான வசதிகள்" என்று உளறினேன். இலங்கையில் பிறந்த அரிஃப் போங்சோ 1994இலேயே இந்த ஊரில் மனிதக் கருவிலிருந்து, பல வகை உயிரணுக்களாக மாறக்கூடிய குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தவர். அது அன்று தெரிந்திருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

விண்ணப்ப மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். அந்த ஆய்வுக்கூடத்தின் அண்மைக் கட்டுரையில் விடைதெரியாமல் நிற்கும் ஒரு கேள்வி, அதற்கு உதவும் உங்கள் ஆய்வேட்டின் ஒரு படம், அவ்வளவு போதும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஐபிஎஸ் குருத்தணுக்களுக்கு, அதாவது முதிர்ந்த உயிரணுக்களைத் திரும்பக் குருத்தணுக்களாக மாற்றியவற்றுக்கு, பொதுவாகத் தினமும் மீடியம் மாற்ற வேண்டும். நலமான உயிரணுக் கூட்டம் விளிம்பு கூராக, தட்டையாக, நெருக்கமாக இருக்கும். கவனிப்பு தவறினால் ஓரத்து உயிரணுக்கள் பரந்து, வேறு ஏதோவாக மாறத் தொடங்கிவிடும். நான் முதலில் சேர்ந்த இடத்தில் முறை வைத்துக்கொள்ளும் பழக்கமே இல்லை. தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் முடித்த ஈரத் தலையோடு ரயிலேறிப் போய் ஆறு தட்டுகளுக்கு மீடியம் மாற்றினேன். பலகாரம் மாலையில்தான். அடுத்துச் சேர்ந்த கூடத்தில் விடுமுறை நாள் முறைப் பட்டியல் குளிர்பதனப் பெட்டிக் கதவிலேயே ஒட்டியிருந்தது. உயிரணு வளர்ப்பைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரிக்கான சோதனைத் தேதியும் பக்கத்திலேயே. நல்ல கூடத்தை இப்படிப்பட்ட காகிதங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, யாருடைய மானியத்தில் சம்பளம், அந்த மானியம் எப்போது முடிகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வருபவர்களுக்கு மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்பு கிடையாது. வருமான வரியை மாதந்தோறும் பிடிக்கவும் மாட்டார்கள். அடுத்த ஆண்டு மொத்தமாகக் கேட்பு வரும், தனியே எடுத்து வையுங்கள். வேலையை விட்டு நாடு திரும்பும்போது வரிக்கணக்கு தீரும்வரை தர வேண்டிய சம்பளத்தை நிறுத்திவைப்பார்கள். இதை நான் விமான டிக்கெட் வாங்கிய பிறகுதான் அறிந்தேன்.

நேரில் வர வாய்த்தால், நீங்கள் சேர நினைக்கும் கூடத்தில் இப்போது வேலை செய்பவரை, புவன விஸ்தா பக்கத்துக் கிம் மோ உணவங்காடிக்கு அழைத்துப்போய்ச் சாப்பிடுங்கள். ஆய்வுக்கூடத்துக்குள் சொல்லாததை அங்கே சொல்வார்.