"மெடிக்கல் உண்டு சார்"

2017 ஜனவரியில், சென்னையில் ஒரு ஹோட்டல் அறையில் துபாய் பள்ளிக்கான இன்டர்வியூ நடந்தது. சம்பளம், தங்குமிடம், வருடத்துக்கு ஒரு விமான டிக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாற்காலியை விட்டு எழும்போதுதான், "மெடிக்கல் உண்டா சார்?" என்று மருத்துவ இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டேன். "உண்டு சார்" என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரலில் இயற்பியல் வகுப்பு ஆரம்பித்தது. ஜூனில் இன்சூரன்ஸ் கார்டு வந்தது. ஒரு நாளைக்கு ஆறு பீரியட் கத்திப் பாடம் நடத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டபோது, அல் குசைஸில் ஒரு கிளினிக்கில் அதைக் காட்டினேன். டாக்டர் கட்டணத்தில் 20 சதவீதம், மருந்தில் 30 சதவீதம் நான் கொடுத்தேன், மீதியைக் கார்டு பார்த்துக்கொண்டது. இவ்வளவுதானே என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் துறையில் மூத்தவர் ஒருவர், நாகர்கோவில்காரர், ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் அந்தக் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கார்டு இருக்குங்கிறது பெரிசில்ல. எந்த நெட்வொர்க், எவ்வளவு லிமிட், அதைப் பாருங்க" என்றார். அவர் சொன்ன பிறகுதான் விசாரித்தேன். பள்ளி எங்களுக்கு எடுத்திருந்தது 'எசென்ஷியல் பெனிஃபிட்ஸ் பிளான்'. துபாய் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் திட்டம் அது. வருட வரம்பு 1,50,000 திர்ஹாம். நேராக ஸ்பெஷலிஸ்டிடம் போக முடியாது, பொது மருத்துவர் எழுதிக்கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி என் நெட்வொர்க்கிலேயே, அதாவது கார்டு செல்லும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலிலேயே, இல்லை. மோசமான திட்டம் என்று சொல்ல மாட்டேன். மிகக் குறைந்த சம்பளக்காரர்களுக்கும் சட்டப்படி இந்தக் காப்பு கிடைக்கிறது என்பது பெரிய விஷயம். ஆனால் 'மெடிக்கல் உண்டு' என்ற இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு அடங்கும், எவ்வளவு அடங்காது என்பதை நான் ஊரிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்துக்கொள்ள முடிவு செய்தேன். அப்போதுதான் அடுத்த பாடம். 2013-ல் வந்த துபாயின் 11-ஆம் எண் சட்டப்படி, ஊழியருக்கு இன்சூரன்ஸ் எடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அதைச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. மனைவி, பிள்ளைக்கு? அவர்கள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் யாரோ அவர் பொறுப்பு, அதாவது நான். எடுக்காவிட்டால் மாதத்துக்கு 500 திர்ஹாம் அபராதம். அபுதாபியில் வேலை பார்த்த நண்பனுக்குப் பள்ளியே குடும்பத்துக்கும் கட்டிக்கொண்டிருந்தது. ஒரே நாடு, ஒன்றரை மணி நேரப் பயணம், ஆனால் எமிரேட்டுக்கு எமிரேட் சட்டம் வேறு.

கராமாவில், படிவங்களை நிரப்பித் தரும் ஒரு டைப்பிங் சென்டருக்குப் போனேன். மனைவிக்கான பிரீமியம் மகளுக்கு ஆனதைவிட இரண்டு மடங்குக்கும் மேல், மகப்பேறும் அதில் சேர்ந்திருந்ததால். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்ற கேள்வி. மகளுக்கு இரண்டு வயதிலிருந்தே வீசிங். கவுண்டரில் இருந்த பையன் குரலைத் தாழ்த்தி, "இல்லைன்னு போடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றான். ஆம் என்று போட்டால் முதல் 6 மாதம் அந்த நோய்க்கான சிகிச்சைக்குப் பணம் வராது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஆம் என்றே குறித்தேன்.

மூன்றாவது மாதமே வந்தது. ஜூன், மணல் காற்று, இரவு பதினொன்றரை. மகளின் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல், "அப்பா" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "தண்ணி" என்றாள். டாக்சியில் ஓடினோம். நெபுலைசர் மாஸ்க்கை அவள் முகத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று கையிலிருந்து போனது 420 திர்ஹாம்.

திரும்பி வரும்போது மனைவி கேட்டாள், "என்னங்க, இல்லைன்னு எழுதியிருந்தா இந்தப் பணம் மிஞ்சியிருக்குமோ?" எனக்கும் அதே எண்ணம்தான் வந்திருந்தது. ஆனால் உள்ளே நுழைந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளாக இப்படி?" என்பது. "ரெண்டு வயசிலேர்ந்து டாக்டர்" என்று மனைவியே சொன்னாள். நர்ஸ் அதை அப்படியே ஃபைலில் ஏற்றினார். கிளெய்முக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பார்ப்பது அந்த ஃபைலைத்தான். மூச்சுத் திணறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எந்தத் தாயும் டாக்டரிடம் பொய் சொல்ல மாட்டாள், சொல்லவும் கூடாது. படிவத்தில் பொய் எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே எங்கள் வாயாலேயே அது உடைந்திருக்கும். அக்டோபரிலிருந்து அவளுடைய இன்ஹேலருக்கு 30 சதவீதம்தான் கட்டினோம்.

2021-ல் பள்ளி மாறினேன். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் 'சர்டிபிகேட் ஆஃப் கன்டினியூட்டி' வாங்கிக்கொள்ளச் சொன்னவரும் அதே நாகர்கோவில்காரர்தான். ஒரு பக்கக் காகிதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை காப்பு இருந்தது என்று சொல்வது. அது இருந்ததால் மகளுக்கு இன்னொரு 6 மாதக் காத்திருப்பு வரவில்லை.

ஆனால் ஒன்றில் தவறிவிட்டேன். இனி எதற்கு என்று ஊரில் இருந்த குடும்ப பாலிசியை 2018-ல் நிறுத்திவிட்டேன். வருடம் 14,000 ரூபாய் மிச்சம் என்று கணக்கு. 2023-ல் திரும்பி வந்து புதிதாக எடுத்தபோது மகளின் வீசிங்குக்கும் மனைவியின் தைராய்டுக்கும் 4 வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். 2024-ல் இந்தியாவின் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ அந்தக் காத்திருப்பின் உச்சவரம்பை 3 வருடமாகக் குறைத்தது. பாலிசியை நிறுத்தாமல் கட்டிக்கொண்டே வந்திருந்தால் அந்தக் காத்திருப்பு எப்போதோ முடிந்திருக்கும். அந்த முடிவை நினைத்தால் இன்றும் மனசு சுடுகிறது.

போன மாதம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். இப்போது வேதியியல் ஆசிரியை. ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, மகனையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள். "மெடிக்கல் உண்டுன்னு சொன்னாங்க சார்" என்றாள். அங்கே 2025 ஜனவரி 1 முதல்தான் தனியார் ஊழியர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமானது, வருடம் 320 திர்ஹாமில் தொடங்கும் அடிப்படைத் திட்டம். கையெழுத்துப் போடும் முன் 'டேபிள் ஆஃப் பெனிஃபிட்ஸ்', அதாவது எதற்கு எவ்வளவு காப்பு என்ற பட்டியலை, அனுப்பச் சொல்லிக் கேள் என்றேன். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கினாள். இரண்டு நாளில் நான்கு பக்க பிடிஎஃப் வந்துவிட்டது.

போனில் இருவரும் வரிவரியாகப் படித்தோம். மூன்றாம் பக்கத்தில் குடும்பத்தினருக்கு நேரே ஒரே வரி: செலவு ஊழியருடையது.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சார், அப்போ சம்பளத்துல கூட்டிக் கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளும்மா" என்றேன்.